நாற்காலியின் நான்காவது கால்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர்தான். அது என் அறையில் இருந்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை, அந்தச் சுவரில்தான் பிளக் இருந்தது. என் மனைவி எதையாவது அச்சிட்டால் பக்கத்து அறையிலிருந்து "என்னங்க, வந்துச்சா?" என்று குரல் கொடுப்பாள். நான் "வருது, வருது" என்பேன். பிறகு தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, கிளிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முப்பது வருடக் குடித்தனத்தில் நான் தவறாமல் செய்த வீட்டுவேலை என்று இதைத்தான் சொல்ல முடியும்.

ஆய்விதழின் ஆசிரியர் குழுவிலிருந்து நீங்கள் மூன்று பேர் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தில் பிரிண்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆய்விதழ் என்னிடம் மதிப்பீட்டுக்குக் கொடுத்த ஒரு கட்டுரையை ஏழு மாதம் அப்படியே வைத்திருந்தது ஏன் என்று மட்டும், மிக மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். உடல்நிலை சரியில்லையா என்றுகூட ஒரு வரி. நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு மாதத்தை மட்டும் தனியாகச் சொன்னால் என்னைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுவீர்கள். முப்பது வருடம் உழைத்தவனுக்கு அந்தப் பெயர் வேண்டாம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் நிறுவன நிதியியல் கோட்பாடு நடத்துகிறவன், அதுவும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும். இதில் காசைக் கண்ணால் பார்க்கிற வேலை கிடையாது. எண்கள்கூடக் குறைவு, முக்கால்வாசி கிரேக்க எழுத்துகள்தான். என் மாமனார் கடைசி வரை மாப்பிள்ளை ஏதோ வங்கியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. உண்மை தெரிந்தால் மரியாதை குறைந்துவிடும்.

என் பெயரில் ஒரு மாடல் இருக்கிறது. பாடப்புத்தகங்களில் ஒன்றரைப் பக்கம் வரும். விஷயம் எளிமையானது. ஒரு நிறுவனத்தின் உண்மையான நிலைமை உள்ளே இருப்பவருக்குத் தெரியும், வெளியே இருக்கிற முதலீட்டாளருக்குத் தெரியாது. அதனால் உள்ளே இருப்பவர் செய்கிற ஒவ்வொன்றையும் வெளியே இருப்பவர் ஒரு சாடையாக எடுத்துக்கொள்கிறார். பங்கை விற்றால், 'ஏன் விற்கிறான், உள்ளே ஏதோ சரியில்லை' என்கிறார். கடன் வாங்கினால், 'திருப்பிக் கொடுக்கிற தைரியம் இருக்கிறது' என்கிறார். இந்தச் சாடைகளை வைத்தே நல்ல நிறுவனத்தையும் கெட்ட நிறுவனத்தையும் பிரித்துவிடலாம் என்று நான் நிரூபித்தேன். நிரூபணம் நான்கு அனுமானங்களின் மேல் நிற்கிறது. நான்கு கால் என்பதால் மாணவர்கள் அதற்கு 'நாற்காலி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு பல்கலைக்கழகம் எனக்கென்று ஓர் ஆய்வு இருக்கையும் கொடுக்கவே, நானே 'நாற்காலி சார்' ஆகிவிட்டேன். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் என் காது அந்த வார்த்தைக்கு மட்டும் நன்றாகக் கேட்கும். சந்தோஷமாகவே கேட்கும்.

நான்காவது அனுமானம் ஒரே வரி: உள்ளே இருப்பவர் தன்னைப் பற்றிச் சரியாக அறிவார். இருபத்தைந்து வருடமாக அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. வகுப்பில் அந்த வரியை நான் சற்று வேகமாக எழுதிவிட்டு, மார்க்கரை மூடிவிடுவேன்.

என் மனைவி கணக்கில் என்னைவிடக் கெட்டி. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எனக்குத் தன்னடக்கம் உண்டென்று இதுவரை யாரும் குற்றம்சாட்டியதில்லை. மகன் பிறந்தபோது அவள் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டாள். அவன் வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மறுமாதம், சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வீடு ரெண்டு பேருக்குப் பெரிசா இருக்குங்க. மறுபடி படிக்கலாம்னு இருக்கேன்."

"என்ன படிக்கப் போற?"

"விட்டதைத்தான்."

நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். மறுநாளே கடைக்குப் போய், தோளில் மாட்டுகிற நல்ல பை ஒன்று வாங்கி வந்தேன். என் துறையில் அவள் சேர முடியாது, விதி இடம் கொடுக்காது. நகரின் மறுகோடியில் இருந்த இன்னொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளுடைய வழிகாட்டி அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அவளை "அக்கா" என்றார்கள். வழிகாட்டியும் ஒரு நாள் வாய் தவறி அக்கா என்றுவிட்டாராம். அன்று பூராவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த ஆறு வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதற்கு முன் நல்ல ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு தானாக ரத்தாகிவிடும். மறுபதிவு கிடையாது. அவள் ஏற்கெனவே ஒரு தடவை விட்டவள் என்பதால் நீட்டிப்பும் கிடையாது. இதெல்லாம் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

நான்காவது வருட முடிவில் ஒரு காலை பிரிண்டர் நெடுநேரம் ஓடியது. "என்னங்க, வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவளே வந்து நின்றாள்.

"படிச்சுப் பாருங்க. உங்க நாற்காலியில ஒரு காலை மட்டும் லேசா இழைச்சிருக்கேன்."

நின்றபடியே படித்தேன். அவள் கேட்டிருந்த கேள்வி சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. உள்ளே இருப்பவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் தவறாக நினைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? விடை முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அந்தத் தவறு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மயிரிழையாக இருந்தாலும், நல்லதையும் கெட்டதையும் சாடையை வைத்துப் பிரிக்கவே முடியாது. என் மாடல் கொஞ்சம் ஆடும் என்பதல்ல அதன் பொருள். நிற்காது.

காலை அவள் இழைக்கவில்லை, அறுத்திருந்தாள். அது அவளுக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இதை என் வேலைக்குச் செய்த மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள். முதல் பக்க அடிக்குறிப்பில், 'இந்தக் கேள்வி பிறந்த வீட்டுக்கு' என்று நன்றி எழுதியிருந்தாள்.

"நல்லா இருக்கு," என்றேன். பொய் இல்லை. இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன முதல் உண்மையும் கடைசி உண்மையும் அதுதான்.

அவள் தன் பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயரில், அப்பாவின் முதலெழுத்தோடு, கட்டுரையை அனுப்பினாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்க எந்த ஆசிரியர் குழுவுக்கும் காரணம் இல்லை. என் மாடலைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் யாருக்கு அனுப்புவார்கள்? எனக்குத்தான். இன்னொருவருக்கும் அனுப்புவார்கள். ஆனால் மாடலின் சொந்தக்காரன் வேண்டாம் என்றால் அந்த இன்னொருவர் கவிதையே எழுதினாலும் எடுபடாது. மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. எழுதியவரின் பெயர் நீக்கப்பட்ட பிரதி. கூடவே ஒரு படிவம். 'கட்டுரையாளர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?' ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

மறைத்த பெயரைத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்பதுதான் முறை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். 'இல்லை'யைத் தட்டினேன். பக்கத்து அறையில் அவள் துணி மடித்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த முதல் அறிக்கையில் கடுமையாக ஒன்றும் எழுதவில்லை. 'சுவையான கேள்வி. எனினும் பங்களிப்பு சிறிது. கட்டுரையாளர் துறைக்குப் புதியவர் என்று தோன்றுகிறது. தகுந்த ஒருவரின் உதவியைப் பெறுவது நல்லது.' அவ்வளவுதான். நிராகரிப்பு வந்த அன்று அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அழவில்லை. தகுந்த ஒருவர் என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அவரு வீட்லயேதான் இருக்காரு. உதவி பண்ணுவாராமா?"

"பீஸ் ஆகும்," என்றேன்.

"பேப்பரை ஏற்கெனவே பீஸ் பீஸா ஆக்கிட்டாங்களே. வேணும்னா காபி தர்றேன்," என்று சிரித்தாள். அவளுக்கு இந்த மாதிரி வார்த்தை விளையாட்டு வரும், எனக்கு வராது. நான் எழுதியதில் அவள் சிரிக்கிற மாதிரி ஒரு வரியும் கிடையாது.

உதவி செய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை, சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக. இடையில் நான் பழம் நறுக்கிக் கொடுத்தேன். என் பேனாவை அவள் எடுத்து எழுதினாள், அவள் கண்ணாடியை நான் போட்டுப் படித்தேன். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. மூன்றாவது ஞாயிறு, "ஏங்க, இதையெல்லாம் முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல நாம?" என்றாள். என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த மூன்றைத்தான் சொல்வேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அந்த மூன்றாவது ஞாயிறுதான், "இந்த ஐந்தாம் பகுதி வேண்டாமே, பொது நிரூபணம் ரொம்ப நீளம், மதிப்பீடு செய்யற ரெஃப்ரிக்குச் சலிப்பு வரும். உதாரணம் மட்டும் போதும்," என்றேன். ஐந்தாம் பகுதிதான் கட்டுரையின் முதுகெலும்பு. அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க சொன்னாச் சரி" என்று எடுத்துவிட்டாள்.

இரண்டாவது ஆய்விதழ் அதை எனக்கு அனுப்பியது. நான் எழுதினேன்: 'உதாரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்குத் தாவுகிறார். பொது நிரூபணம் இல்லாதது பெருங்குறை.' அறிக்கை என்ற அளவில் அதில் குற்றம் சொல்ல முடியாது. இல்லாததை இல்லை என்றுதான் எழுதினேன்.

அதை அவள் வாசித்துக் காட்டவில்லை. தானே இரண்டு தடவை படித்தாள்.

"பொது நிரூபணம் இல்லையாம்," என்றாள்.

"ரெஃப்ரிங்க அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் இன்னொண்ணு கேப்பாங்க."

"ஆமா. நாம எடுத்தோம்ல, அதைத்தான் கேக்குறாங்க."

பிறகு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அன்று ஏற்கெனவே ஒரு தடவை ஊற்றியிருந்தாள்.

அடுத்து நடந்ததைச் சொல்லுமுன் ஒரு சிறு பாடம் தேவை. மன்னிக்க வேண்டும், தொழில் புத்தி. விஷயம் தெரிந்தவர் தானே சாடை காட்டினால் அது ஒரு வகை. விஷயம் தெரியாதவர் ஒரு பொறி வைத்து, தெரிந்தவர் எதில் கால் வைக்கிறார் என்று பார்த்துக் கண்டுபிடித்தால் அது இன்னொரு வகை. இதை ஸ்கிரீனிங் என்போம். காப்பீட்டு நிறுவனம் இரண்டு திட்டங்களை மேஜையில் வைக்கிறது. நோயாளி ஒன்றை எடுப்பார், ஆரோக்கியமானவர் மற்றதை எடுப்பார். யாரையும் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. என் வகுப்பில் பருவம் தொடங்கி ஆறாவது வாரப் பாடம் இது.

அந்த வருடம் அதை நடத்தும்போது, ஒவ்வொரு கேள்வியையும் "ஆனாலும் சார்" என்று தொடங்குவதால் 'ஆனாலும்' என்றே பெயர் பெற்ற மாணவன் எழுந்தான்.

"ஆனாலும் சார், பொறி வெச்சிருக்காங்கன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சுட்டா?"

"தெரிஞ்சா மாட்ட மாட்டான்."

"அப்ப எப்படித்தான் சார் மாட்டுவான்?"

"வெச்சவங்களைக் குறைச்சு எடை போட்டா மாட்டுவான்," என்றேன். வகுப்பு எழுதிக்கொண்டது. நல்ல வாக்கியம்தான். நானே அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அதே வாரம் மூன்றாவது ஆய்விதழிலிருந்து அழைப்பு வந்தது. ஐந்தாம் பகுதி திரும்பச் சேர்க்கப்பட்டிருந்தது. இந்தத் தடவை கட்டுரை மிக வலுவாக இருந்தது. மாலை வெயில் வரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கவனமாகப் படித்தேன். திரையில் படித்தால் எனக்குக் கண் எரியும். ஆய்விதழ் அனுப்பிய பிரதியை அச்சிடலாம். ஆனால் முந்தின வாரம்தான் அவள் தன் பிரதியை அச்சிட்டிருந்தாள். முதல் பிரதியை அவளிடம் கொடுத்துவிட்டேன், இன்னொன்று பிரிண்டர் தட்டிலேயே கிடந்தது. அதே கட்டுரையை எதற்கு இன்னொரு முறை அச்சிடுவது? தாளை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை எடுத்துப் படித்தேன்.

மூன்றாவது துணைத்தேற்றத்தில் ஒரு குறி தலைகீழாக இருந்தது. 'பெரிது' இருக்க வேண்டிய இடத்தில் 'சிறிது'. இவ்வளவு கெட்டிக்காரி இங்கே எப்படி வழுக்கினாள் என்று கொஞ்சம் வருந்தினேன். நிறைய நிம்மதியடைந்தேன். பொய்யே சொல்லாமல் நிராகரிக்கலாம். 'மூன்றாவது துணைத்தேற்றத்தில் சமனின்மைக் குறி தவறு. அதன் மேல் கட்டப்பட்ட எதுவும் நிற்காது.' மறுநாள் காலை நடையில் விசில்கூட அடித்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது ஒன்றை அவற்றின் மேல் வைத்தாள்.

"இது வீட்ல பிரிண்ட் எடுத்தது. இது ஜர்னலுக்கு அனுப்பினது. மேல இருக்கிறது ரெஃப்ரி எழுதினது. குறியைப் பாருங்க."

பார்த்தேன். அனுப்பிய பிரதியில் குறி சரியாக இருந்தது. தவறு வீட்டுப் பிரதியில் மட்டும்தான். அந்தப் பிரதி உலகத்தில் ஒரே ஒரு அறையில்தான் கிடந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பாராட்டத் தோன்றியது. "அழகான ஸ்கிரீனிங்," என்றேன். 

"நீங்க நடத்தினதுதானே. ஒரு காலத்துல உங்க நோட்ஸ டைப் அடிச்சுக் கொடுத்தது நான்தானே." கொஞ்ச நேரம் மேஜையின் ஈரத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாரும் டெஸ்ட் பண்ணுனா அது சரியா வரணும்னு நினைப்பாங்க. நான் இது தப்பாப் போகணும்னு இருந்தேங்க. நாலு மாசமா. ரெஃப்ரி வேற எதையாவது சொல்லித் திட்டியிருந்தா அன்னைக்குக் கோயில் கோயிலாப் போயிருப்பேன்."

மூன்று தாள்களையும் அடுக்கி, ஓரம் தட்டினேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டால் நான் வெறும் வகுப்பெடுக்கிற ஆள். நாற்காலி சார் இல்லை, சார் மட்டும்தான். அந்த ஆளோடு அவள் முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவள் கட்டிக்கொண்டது அந்த ஒன்றரைப் பக்கத்தை அல்ல. கல்யாணத்தின்போது அது எழுதப்படவே இல்லை.

"இன்னும் ஒரு ஜர்னல் பாக்கி இருக்கு," என்றாள். "கெடுவுக்கு ஆறு மாசம் இருக்கு. சாதாரணமா மூணு மாசத்துல பதில் வந்துடும். அங்கேயும் உங்ககிட்டதான் வருவாங்க. வந்தா ஒண்ணே ஒண்ணு செய்ங்க. நல்லதா எழுத வேண்டாம், கெட்டதா எழுத வேண்டாம். 'எனக்கு வேண்டியவங்க, அதனால எனக்கு வேண்டாம்'னு ஒரு வரி எழுதி ஒதுங்கிடுங்க. செய்வீங்களா?"

"செய்யறேன்," என்றேன்.

நம்பினாள். அன்று மதியம் எனக்கும் சேர்த்துத்தான் சமைத்தாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். என்னை வெளியே போகச் சொல்லவில்லை, ஊரைக் கூட்டவில்லை, உங்களுக்கு எழுதவில்லை. எதிரில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு சரியா என்று கேட்டாள். சரியாக இருந்தது. அதன் பிறகு "என்னங்க, வந்துச்சா?" என்று மட்டும் கேட்கவில்லை. தன் தாள்களைத் தானே வந்து எடுத்துக்கொண்டாள்.

நான்காவது அழைப்பு வந்தது. நீங்கள் கேட்டனுப்பியது இதைப் பற்றித்தான்.

ஒதுங்கிக்கொள்ளும் வரியை எழுதினேன். அனுப்பவும் போனேன். அப்போது ஒரு யோசனை வந்தது. நான் ஒதுங்கினால் யாரிடம் போகும்? இந்தத் துறையில் இதைப் படிக்கத் தகுதியானவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர்தான். ஒருவர் கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் படித்துக் கருத்துச் சொல்கிறவர். இன்னொருவருக்கு ஐந்தாம் பகுதி புரியாது. அவளுடைய வேலையின் முழு அழகும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை அறுத்துப் பார்த்தவன் அல்லவா? பட்ட பாட்டுக்கெல்லாம் அவளுக்கு ஒரு நல்ல அறிக்கை, யாரும் எழுதியிராத ஓர் அறிக்கை, என் கையால் போக வேண்டும் என்று தோன்றியது. அது என் பிராயச்சித்தமாகவும் இருக்கும். படிவம் வந்தது. தெரியுமா? 'இல்லை'யைத் தட்டினேன். இந்தத் தடவை நல்லதற்காக.

எழுத ஆரம்பித்தேன். முதல் வடிவம் நான்கு பக்கம் வந்தது. பாராட்டு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, சந்தேகப்படுவார்கள். குறைத்தேன். குறைத்ததும் வஞ்சகமாகத் தெரிந்தது. மறுபடி கூட்டினேன். என் மாடல் இந்தக் கட்டுரையோடு முடிந்துவிடுகிறது என்பதை ஓர் இடத்தில் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியம்தான் சரியாக அமையவில்லை. 'முடிந்துவிடுகிறது' என்றால் மிகை. 'வரம்புக்குள் வருகிறது' என்றால் அவளுக்குச் செய்கிற துரோகம். பதினோரு வடிவங்கள் எழுதினேன். எல்லாம் என் கணினியில், தேதியோடு இருக்கின்றன.

அவள் தினமும் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்விதழின் இணையப் பக்கத்தைத் திறப்பாள். 'மதிப்பீட்டில் உள்ளது' என்று இருக்கும். மூடுவாள். நான்காவது மாதம் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அந்த விஷயத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அன்று ஒரு தடவைதான்.

"யாரோ ஒருத்தர் ரொம்ப மெதுவாப் படிக்கிறாருங்க. பரவாயில்ல. இவ்வளவு நிதானமாப் படிக்கிறவர் நல்ல மனுஷனாத்தான் இருப்பார்."

"இருப்பார்," என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று தெரியாமலே என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டாளே என்று.

ஆறாவது மாதம் கெடு முடிந்தது. அவளுடைய வழிகாட்டி பதிவாளர் அறைக்கு மூன்று முறை அலைந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை அவள் தோள்பையை மாட்டிக்கொண்டு போய் நூலக அட்டையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் வாசல் வரை வந்து வழியனுப்பினார்களாம். "எல்லாம் அழுதுச்சுங்க. நான்தான் சமாதானம் பண்ணிட்டு வந்தேன்," என்றாள். பையை உதறித் துடைத்து அலமாரியில் வைத்தாள். அன்றும் அந்த மெதுவான மனிதரை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஏழாவது மாதம், நான் வகுப்பில் இருந்த நேரத்தில், வீட்டுக்குத் தொலைபேசி வந்திருக்கிறது. ஆய்விதழ் அலுவலகத்தின் எழுத்தர். என் மின்னஞ்சலுக்கு ஒன்பது நினைவூட்டல் அனுப்பிவிட்டு, பாவம், வேறு வழியில்லாமல் அழைத்திருக்கிறார். நான் வீடு திரும்பியபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"போன் வந்துச்சு. ஜர்னல் ஆபீஸ்லருந்து. ஒரு பேப்பர் உங்ககிட்ட ஏழு மாசமா இருக்காம். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பணுமாம்." தொலைபேசிப் பக்கத்துக் குறிப்பேட்டைக் காட்டினாள். "தலைப்பைச் சொன்னாங்க. மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கேன்."

தன் கட்டுரையின் தலைப்பைத் தன் கையால், பிறத்தியார் செய்தியை எழுதுவதுபோல் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள்.

விளக்க ஆரம்பித்தேன். பதினோரு வடிவங்களைப் பற்றிச் சொன்னேன். கடைசி வடிவத்தைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"வேண்டாங்க. நீங்க என்னை வேணும்னு கெடுத்திருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். நீங்க நல்லது பண்றதா நினைச்சுட்டு இருக்கீங்க. உங்ககிட்ட நான் என்னன்னு பேசறது?"

மறுநாள் காலை தங்கை வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். மகன் போன் செய்தால் எடுக்கிறேன், அவன் அம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. சிலசமயம் நான் ஏதாவது அச்சிடும்போது, தாளை அடுக்கி, ஓரம் தட்டி, கிளிப்பைக் கையில் எடுத்த பிறகுதான் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. வீடு இவ்வளவு பெரியது என்று அவள் சொன்னபோது நான் கவனித்திருக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், முதல் மூன்று நிராகரிப்புகளையும் நான்தான் எழுதினேன். கட்டுரையாளர் யாரென்று நான்கு முறையும் தெரிந்தே, தெரியாது என்று தட்டினேன். ஐந்தாம் பகுதியை எடுக்கச் சொன்னதும் நான், அது இல்லை என்று குறை சொன்னதும் நான். இவற்றுக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், வாதாட மாட்டேன். ஆய்வு இருக்கையிலிருந்து விலகுவதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்னொரு மதிப்பீட்டாளர் ஏழாவது வாரமே 'அப்படியே ஏற்கலாம்' என்று எழுதிவிட்டார் என்றும், என் ஒருவனுக்காகத்தான் ஆய்விதழ் காத்திருந்தது என்றும் உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

ஆனால் நான்காவதையும் மற்ற மூன்றோடு சேர்த்துவிடாதீர்கள். அதை நான் நிராகரிக்கவில்லை. அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்ததிலேயே மிகச் சிறந்ததை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுரையை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டால் வேறு ஒருவருக்கு அனுப்பிவிடுவோம் என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். அதைப் புரிந்துகொள்ள என்னைவிட்டால் ஆள் இல்லை. அறிக்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஒரு வாக்கியம்தான் பாக்கி.